கபுகி நடிகர் அச்சுப் படங்கள்: அந்த முகத்தில் யாரைத் தேடுவது?

கேள்வி இது: கபுகி என்ற பழைய ஜப்பானிய மேடை நாடகத்தின் நடிகர்களைக் காட்டும் ஜப்பானிய மர அச்சுப் படங்களில் பல முகங்கள் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன, ஷராக்கு என்பவர் வரைந்தவை மட்டும் கேலிச்சித்திரம் மாதிரி தெரிகின்றன. இவை நடிகரின் உருவப்படங்களா, கதாபாத்திரத்தின் படங்களா? ஷராக்குவை ஏன் இப்படித் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்?

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: இரண்டும்தான். ஒரு நல்ல நடிகர் படத்தில் ஒரே முகத்துக்குள் இரண்டு பேர் இருப்பார்கள். அந்த மாதம் மேடையில் கொள்ளைக்காரனாகவோ, இளவரசியாகவோ, பழிவாங்கக் காத்திருக்கும் சாமுராயாகவோ வந்த பாத்திரம் ஒன்று. அந்த வேடத்தைக் கட்டிய, ஊரே பேர் சொல்லிக் கூப்பிடும் ஆள் இன்னொன்று. காசு கொடுத்து வாங்கியவருக்கு இரண்டு பேரும் தெரிய வேண்டும். இவர்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் எவ்வளவு காட்டுவது, எவ்வளவு மூடுவது என்பதில்தான் ஓவியருக்கு ஓவியர் வித்தியாசம். ஷராக்கு அதைத் திறந்துபோட்டவர். ஆனால் அவரிடமிருந்து ஆரம்பித்தால் இந்தக் கலை பிடிபடாது. அவர் விதிவிலக்கு, விதி என்னவென்று முதலில் பார்த்துவிடலாம்.

இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் எடோ. 18ஆம் நூற்றாண்டில் அங்கே அரசு உரிமம் பெற்ற பெரிய நாடகக் கொட்டகைகள் மூன்று: நகமுரா-ஸா, இச்சிமுரா-ஸா, மோரிதா-ஸா. ஆட்டம் விடிகாலையில் தொடங்கிப் பொழுது சாயும்வரை நடக்கும். உச்சத்தில் இருந்த நடிகரை ‘ஆயிரம் ர்யோ நடிகர்’ என்பார்கள். வருடத்துக்கு ஆயிரம் பொற்காசு சம்பளம் என்று பொருள். அதே நடிகர் அரசாங்கக் கணக்கில் சாதாரணக் குடிமகனுக்கும் கீழே. ஆற்றங்கரைப் பிச்சைக்காரன் என்று ஏசும் பழைய சொல் அவர்கள்மேல் கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருந்தது. வணங்கப்படுகிறவனும் ஒதுக்கப்படுகிறவனும் ஒரே ஆள். இந்தப் படங்களைச் சுற்றி நடந்த தடை, தண்டனை எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

படத்தின் விலை அற்பம். 1800ஐ ஒட்டிய காலத்தில் நல்ல பல வண்ண அச்சு ஒன்று சுமார் 20 மொன் (அன்றைய சில்லறைக் காசு). ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் 16 மொன். நம் ஊர் சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், நட்சத்திரப் படம் போன்ற சரக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்து ‘உயர்கலை’ என்று பயந்துவிடக் கூடாது. நாடகம் ஓடும்போதே விற்றாக வேண்டும், அடுத்த நாடகம் வந்தால் சரக்கு பழசு. சில படங்களை முதல் ஆட்டத்துக்கு முன்பே, யாருக்கு எந்த வேடம் என்ற அறிவிப்பை வைத்து ஊகத்தில் வரைந்து அச்சடித்துவிடுவார்கள். அதனால் மேடைக்கே வராத காட்சிகளும் படமாகத் தங்கிவிட்டன.

எல்லா முகமும் ஒன்றுபோல இருக்கிறதே என்ற சந்தேகத்துக்கு வருவோம். 1760களுக்கு முந்தைய படங்களைப் பார்த்திருந்தால் அந்தக் கவனிப்பு சரியானதுதான். அப்போது நடிகர் படம் என்றாலே தோரி குடும்பம். முதல்வரான தோரி கியோனோபு (1664–1729) கொட்டகைகளுக்கு விளம்பரப் பலகை எழுதியவர். அந்தப் பலகையின் வேகமே தாளிலும் வந்தது. முதலாம் இச்சிகாவா டான்ஜூரோ (கபுகியில் மேடைப் பெயர் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும், அதனால்தான் இந்த எண்) எடோவில் வளர்த்தெடுத்த முரட்டு வீர நடிப்புக்கு ‘அராகோத்தோ’ என்று பெயர். உடம்பெல்லாம் சிவப்புப் பூச்சு, காலை அகட்டி ஓங்கி மிதித்து, கண்ணை உருட்டி உறைந்து நிற்பது. அதற்கேற்றபடி தோரி ஓவியர்கள் கெண்டைக்காலைச் சுரைக்காய் போலப் புடைக்க வைத்து, மண்புழு நெளிவது போல தடித்தும் மெலிந்தும் ஓடும் கோட்டால் வரைந்தார்கள். முகம் அவர்களுக்கு முக்கியமே இல்லை. இன்னார் என்று எப்படித் தெரியும்? உடையில் இருக்கும் குலச்சின்னத்தால். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் இருந்தால் அது இச்சிகாவா டான்ஜூரோ வம்சம். அரிசி அளக்கும் மரப்படிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி மேலிருந்து பார்த்தால் தெரிகிற வடிவம் அது. கட்டு போட்ட பட்டுப் பஞ்சு இருந்தால் செகாவா கிகுனோஜோ. ‘ஷிபராகு’ என்ற காட்சியில் டான்ஜூரோவின் செங்காவி அங்கியில் இந்த மூன்று சதுரம் ஆள் உயரத்துக்கு இருக்கும். முகத்தைப் பார்க்கத் தேவையே இல்லை.

இதை மாற்றியவர் கட்சுகாவா ஷுன்ஷோ (1726–1792). என் கணக்கில் இந்தத் துறையின் உண்மையான திருப்புமுனை இவர்தான், ஷராக்கு இல்லை. 1765இல் பல கட்டைகளால் முழு வண்ணத்தில் அச்சடிக்கும் முறை எடோவில் வந்துவிட்டது. ஷுன்ஷோவும் இப்பித்சுசாய் புன்சோ என்பவரும் சேர்ந்து 1770இல் விசிறி வடிவச் சட்டத்துக்குள் நடிகர்களின் முகங்களை வரைந்து ஒரு புத்தகம் போட்டார்கள். சின்னத்தை மறைத்தாலும் ஆள் யாரென்று சொல்லிவிடலாம். ஒருவருக்குத் தொங்கிய கன்னம், இன்னொருவருக்குக் கூர்மோவாய், மூன்றாமவருக்குக் கண்ணோரத்தில் ஒரு சரிவு. சுமார் 33 செ.மீ. உயரம், 15 செ.மீ. அகலம் கொண்ட ஒடுக்கமான தாளில் ஒரு தாளுக்கு ஒரு நடிகராக ஷுன்ஷோ வரைந்துகொண்டே போனார். இரண்டு, மூன்று, ஐந்து தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு காட்சி முழுசாகும். தனக்குப் பிடித்த நடிகரை மட்டும் ஒரு தாளாக வாங்கிக்கொண்டும் போகலாம். ஒப்பனை அறையில் வேடத்தைப் பாதி கட்டியும் கட்டாமலும் உட்கார்ந்திருக்கும் நடிகர்களையும் அவர் வரைந்தார். அவரிடம் தொழில் கற்க வந்து 1779இல் நடிகர் படங்களோடு அறிமுகமான ஷுன்ரோ என்ற இளைஞன்தான் பிற்பாடு உலகப் புகழ்பெற்ற ஓவியர் ஹொக்குசாய்.

முகச்சாயல் ஒருமுறை சந்தைக்கு வந்த பிறகு வாடிக்கையாளர் அதை விடவில்லை. கொஞ்ச காலத்திலேயே ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு முகச்சூத்திரம் உருவாகிவிட்டது. இதற்கு நல்ல உதாரணம் ஐந்தாம் மத்சுமோத்தோ கோஷிரோ (1764–1838). வில்லன் வேடத்தில் பேர் போனவர். பெரிய கழுகு மூக்கு, இடது புருவத்துக்கு மேலே ஒரு மச்சம். ‘மூக்கு நீண்ட கோஷிரோ’ என்றே ஊர் அழைத்தது. எந்த ஓவியர் வரைந்தாலும், எந்தக் கொள்ளைக்காரனாக வேடமிட்டாலும் அந்த மூக்கைப் பக்கவாட்டில் காட்டாமல் விடமாட்டார்கள். ஐந்தாம் இவாய் ஹன்ஷிரோவுக்கு ஆயிரம் பொன் பெறும் கண்கள் என்று பெயர். எனவே அவர் படத்தில் கண். 1817இல் உதாகாவா தொயோகுனி இதையே பாடமாக்கி, நடிகர் சாயலைச் சீக்கிரமாக வரையப் பழகுவது எப்படி என்று ஒரு கையேடு போட்டார்: மூக்கில் தொடங்கு, கண்ணை இப்படி இழு என்று. ஆகவே பிற்காலப் படங்களிலும் முகங்கள் ஒன்றுபோலத் தெரிந்தால், கோளாறு பெரும்பாலும் பார்க்கும் முறையில் இருக்கிறது. வாய், கண்ணோரம், தலை அலங்காரம் எல்லாம் பாணியின் பொதுச்சொத்து. மூக்கின் பாலத்தையும் தாடைக்கோட்டையும் மட்டும் பாருங்கள். பத்துப் படம் தாண்டுவதற்குள் ஆட்களைப் பிரித்துவிடுவீர்கள்.

நடிகர்கள் படத்தோடு நிற்கவில்லை, சந்தையில் எல்லாப் பக்கமும் பரவினார்கள். இரண்டாம் செகாவா கிகுனோஜோவின் கவிதைப் பெயரான ரோகோ ஒரு பழுப்பு நிறத்துக்குச் சூட்டப்பட்டு எடோப் பெண்கள் அந்த நிறத்தில் உடுத்தினார்கள். முதலாம் சனோகாவா இச்சிமாத்சு கட்டிய சதுரக்கட்டம் போட்ட உடையை 1740களில் அச்சுப் படங்கள் ஊரெங்கும் பரப்பின; அந்தக் கட்டத்துக்கு இன்றும் ஜப்பானில் இச்சிமாத்சு என்றுதான் பெயர். டோக்கியோ 2020 ஒலிம்பிக் சின்னத்தை வடிவமைத்தவர் எடுத்துக்கொண்டதும் அந்தக் கட்டத்தைத்தான்.

இனி ஒரு படம் எப்படி உருவானது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் ‘ஓவியர்’ என்று நாம் சொல்லும் ஆள் இதில் நான்கில் ஒருவர் மட்டுமே. முதலாளி பதிப்பாளர், எந்த நடிகர், எந்த வேடம், எத்தனை வண்ணம் என்று முடிவெடுப்பவரும் நட்டம் வந்தால் தாங்குபவரும் அவர்தான். ஓவியர் மெல்லிய தாளில் கறுப்புக் கோட்டில் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைக் கவிழ்த்துக் காட்டுச்செர்ரிப் பலகைமேல் ஒட்டி, கோட்டைத் தவிர மற்றதை வெட்டி எடுப்பார். மூலச் சித்திரம் அதோடு காலி. கையால் வரைந்த அசல் பெரும்பாலும் மிஞ்சாதது இதனால்தான். செதுக்கும் பட்டறைக்குள்ளும் படிநிலை உண்டு. தலையையும் கையையும் வெட்டுவது மூத்தவர் வேலை. உடம்பும் உடையும் இளையவர்களுக்கு. நெற்றியோரத்தில் முடி தோலிலிருந்து முளைக்கும் இடம்தான் கைத்திறனுக்கு உரைகல். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் இரண்டு மூன்று முடி, ஒவ்வொன்றும் வேரில் தடித்து நுனியில் ஊசியாக. அந்த மயிரிழைகளை ஓவியர் வரைவதே இல்லை. வெறும் எல்லைக்கோட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நாம் அந்த முடியைப் பார்த்து ஓவியரை வியக்கிறோம், வெட்டியவர் பெயர் பல படங்களில் இருக்காது.

ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி வெட்டு. கோசோ என்ற செடியின் நாரில் செய்த தாளுக்குப் படிகாரமும் வஜ்ஜிரமும் கலந்த கரைசல் பூசி, மை ஊறாமல் செய்திருப்பார்கள். கட்டையின் ஒரு மூலையில் ‘ட’ போன்ற பள்ளம், அதே விளிம்பில் இன்னொரு கோடு. தாளை இந்த இரண்டிலும் முட்டவைத்தால் பத்தாவது வண்ணமும் இம்மி பிசகாமல் உட்காரும். பிறகு நான்காமவரான அச்சடிப்பவர் மூங்கில் மடல் சுற்றிய பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகுப்பக்கத்தில் தேய்ப்பார். அச்சு இயந்திரமே கிடையாது. வேடமிட்ட நடிகரின் வெள்ளை முகத்துக்குப் பெரும்பாலும் எந்த மையும் இல்லை, அது வெறும் தாள்தான். வெள்ளைப் பூச்சு பூசிய முகத்துக்குத் தாளின் நிறத்தையே விட்டுவிட்ட யுக்தி எனக்கு மிகவும் பிடித்தது.

இந்தப் பின்னணியோடு ஷராக்குவிடம் போகலாம். எடோ நாட்காட்டியில் 1794ஆம் ஆண்டு ஐந்தாம் மாதம். மூன்று பெரிய கொட்டகைகளும் கடனில் மூழ்கி, அவற்றுக்குப் பதில் உரிமம் வைத்திருந்த மியாகோ-ஸா, கிரி-ஸா, கவாராசாகி-ஸா ஆகியவை நாடகம் நடத்திக்கொண்டிருந்தன. பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோ சாமானியர் இல்லை. உதமாரோவின் பெண் முகங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர். 1791இல் சில நூல்களை வெளியிட்டதற்காக அவர் சொத்தில் பாதியை அரசு பறித்திருந்தது. அப்படி அடிபட்டவர், யாரும் கேள்விப்படாத தோஷுசாய் ஷராக்கு என்ற பெயரில் ஒரே வீச்சில் 28 பெரிய படங்களை இறக்கினார். எல்லாம் மார்பளவு முகங்கள். சுமார் 39 செ.மீ. உயரத் தாள். பின்னணி முழுவதும் கருஞ்சாம்பல் நிறத்தின் மேல் காக்காப்பொன் தூள்; தாளைச் சாய்த்தால் மங்கலாக மினுங்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மேடையில் ஒரு முகம் மட்டும் முன்னால் வருவது போல இருக்கும். புது ஆளுக்கு இவ்வளவு செலவு செய்வது வியாபார புத்தியா, சூதாட்டமா என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

எல்லோரும் பார்த்திருக்கும் படத்தையே எடுத்துக்கொள்வோம்: மூன்றாம் ஓதானி ஓனிஜி, எடோபெய் என்ற அடியாளாக. கவாராசாகி-ஸாவில் நடந்த நாடகம். எஜமானுடைய பணத்தை எடுத்துவரும் இப்பெய் என்ற வேலையாளை வழிமறித்துப் பறிக்கும் கணம். கழுத்து உடம்பைவிட்டு முன்னால் நீள்கிறது. புருவம் மேலேறிக் கறுவிழிகள் மூக்கை நோக்கி நெருங்குகின்றன. வாய் கோடாக இறுகிக் கீழே வளைகிறது. அங்கியின் மார்புப் பிளவிலிருந்து இரண்டு கைகள், விரல்களை விரித்தபடி. கைகள் சரியில்லைதான். முகத்துக்குப் பொருந்தாத சிறிசு, மணிக்கட்டு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. தோரியோ ஷுன்ஷோவோ பள்ளியில் இப்படி வரைந்தால் திருத்தியிருப்பார்கள். ஆனால் அந்தக் கைகளை மூடிவிட்டுப் பாருங்கள், படம் செத்துவிடும். பாய்வதற்கு முந்தைய நொடியின் படபடப்பு முழுக்க அந்த விரல்களில் இருக்கிறது. இதன் ஜோடிப் படம் இப்பெய்; இச்சிகாவா ஓமெஸோ வாளை உருவப்போகும் நிலை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒருவரையொருவர் முறைப்பார்கள்.

எடோபெய் அடியாள் வேடம். ஓனிஜி அப்போது உச்ச நட்சத்திரமும் இல்லை. அதைவிட ஒரு படி மேலே போய், நகாஜிமா வதாஎமொன், நகமுரா கோனோஸோ என்ற இரண்டு துணை நடிகர்களை, ஒல்லி ஒன்று குண்டு ஒன்றாக, ஒரே தாளில் பெரிதாகப் போட்டார் ஷராக்கு. இவர்கள் படத்தை வாங்க யார் வரிசையில் நிற்பார்கள்?

இன்னும் பெரிய சிக்கல் ஸ்திரீபார்ட் நடிகர்களிடம். பெண்கள் மேடையேற 1629லும், விடலைப் பையன்கள் மேடையேற 1652லும் தடை வந்தது. அதற்குப் பிறகு வளர்ந்த ஆண்கள்தான் பெண் வேடம் கட்டினார்கள். ஆண்களைப் போல நெற்றி மேல்முடியை மழிக்க வேண்டும் என்பது விதி என்பதால், மழித்த இடத்தை ஊதாப் பட்டுத் துணியால் மறைத்தார்கள். படங்களில் தலையின் முன்பக்கம் ஒரு சாம்பல் அல்லது பழுப்புத் திட்டு இருந்தால், அது அந்த ஊதா, சாயம் வெளுத்துவிட்டது. மற்ற ஓவியர்கள் அந்தத் திட்டைத் தவிர வேறெங்கும் ஆணைக் காட்டமாட்டார்கள். ஷராக்குவின் மூன்றாம் செகாவா கிகுனோஜோ படத்தில் நோயாளி மனைவியின் நெற்றிப்பட்டி, தளர்ந்த உடை, மென்மையான பார்வை எல்லாம் இருக்கும். கூடவே நடுத்தர வயதுக்காரரின் கனத்த தாடையும் இருக்கும். இரண்டாம் செகாவா தொமிசாபுரோவின் படத்தில் எலும்பு முகம் அப்படியே நிற்கும். இதைக் கேலி என்று நான் நினைக்கவில்லை. வேடத்தை அவர் கலைக்கவில்லை, அந்தப் பெண் பாத்திரத்தின் துயரம் முழுசாக இருக்கிறது. ஆனால் அதைச் சுமக்கும் ஆணுடைய உடம்பையும் கூடவே வரைந்துவிட்டார். ரசிகனுக்கு அது வேண்டாம். நடிகருக்கு நிச்சயம் வேண்டாம். ஓதா நன்போ என்ற எழுத்தாளர் தொகுக்கத் தொடங்கிய ஓவியர் குறிப்பேட்டில் ஷராக்கு பற்றி வரும் வரியும் இதையேதான் சொல்கிறது: உண்மையை அளவுக்கு மீறி வரையப்போய், வரையக் கூடாததை வரைந்து, ஓரிரு ஆண்டில் நின்றுபோனார் என்று.

சரியாகச் சொன்னால், அந்த ஆண்டு நாட்காட்டியில் கூடுதலாக வந்த ஒரு மாதத்தையும் சேர்த்துப் பத்து மாதம். 1795 முதல் மாதத்தோடு படங்கள் நின்றுவிட்டன; மொத்தம் 140க்குச் சற்று மேல். அதிலும் முதல் 28தான் அந்த உயரம். பிறகு முழு உருவங்கள், ஒடுக்கத் தாள்கள், பின்னணியில் மரமும் கதவும். கடைசிக்கு வரும்போது வேறு யாரோ வரைந்தது போல இருக்கும். அவர் யார் என்பதை வைத்து ஒரு தொழிலே நடந்தது. ஹொக்குசாய், உதமாரோ, பதிப்பாளர் சுதாயாவே என்று பட்டியல் நீளும். 1844இல் சைத்தோ கெஷ்ஷின் அந்தப் பழைய குறிப்பேட்டில் தெளிவாகவே சேர்த்து எழுதியிருந்தார்: இயற்பெயர் சைத்தோ ஜூரோபெய், குடியிருப்பு ஹச்சோபோரி, ஆவா நாட்டுப் பிரபுவிடம் ஊழியம் செய்த நோ நாடக நடிகர். அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்கும், 1820இல் 58 வயதில் இறந்தார் என்பதற்கும் கோஷிகாயாவில் உள்ள ஒரு கோயிலின் இறப்புப் பதிவேடு 1997இல் கிடைத்தது. என்னைக் கேட்டால் வழக்கு அங்கே முடிந்தது. முகமூடி போட்டு ஆடும் அரசவைக் கலையில் இருந்தவர், முகத்தையே மூலதனமாக்கிய சந்தைக் கலையைப் பார்த்த பார்வை என்று எடுத்துக்கொண்டால் அந்த 28 படங்களும் இன்னும் நன்றாகப் புரிகின்றன. இது என் ஊகம் மட்டுமே.

உலகப்புகழ் எப்படி வந்தது? ஐரோப்பிய சேகரிப்பாளர்கள் வழியாக. 1910இல் ஜெர்மானியரான யூலியுஸ் குர்ட் ஷராக்கு பற்றி ஒரு தனி நூல் எழுதினார். அதன் பிறகுதான் ஜப்பானிலும் அவர் மதிப்பு விண்ணைத் தொட்டது. நாடகம் பார்க்காத, அந்த நடிகர்களை நேசிக்கவேண்டிய கட்டாயம் இல்லாத கண்களுக்கு, ரசிகனைத் துரத்திய அதே குணம் பெருமையாகத் தெரிந்தது.

அதே 1794இல் ஷராக்குவுக்குப் போட்டியாகக் களத்தில் இருந்த தொயோகுனி (1769–1825) வென்றார். அவருடைய நடிகர்கள் முழு உருவத்தில், நீண்ட அங்கியில், காற்றோட்டமான வெறும் பின்னணியில் நிற்பார்கள். சாயல் இருக்கும், உறுத்தல் இருக்காது. அவர் மாணவர் குனிசாதா (1786–1865) அடுத்த அரை நூற்றாண்டை ஆண்டார். வாழ்நாளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதனாலேயே ‘தொழிற்சாலை’ என்று அவரை ஒதுக்கிவிடுவது விமர்சகர்களின் பழைய வழக்கம், எனக்கு அதில் உடன்பாடில்லை. 1860களின் தொடக்கத்தில், எழுபது தாண்டிய வயதில், எபிசுயா ஷோஷிச்சி என்ற பதிப்பாளருக்காக அவர் போட்ட பெரிய முகங்களைப் பாருங்கள். தடித்த தாள், அடுக்கடுக்கான வண்ணம், மை இல்லாமல் அழுத்தி எழுப்பிய துணி நெசவு. செதுக்கிய யோகோகாவா தகேஜிரோவின் குறி தனியாக. இறந்துபோன நடிகர்களையும் அந்த வரிசையில் நினைவிலிருந்து வரைந்து சேர்த்தார். ஓவியர் வான் கோ 1887இல் வரைந்த, ‘பேர் தாங்கி’ (Père Tanguy) என்ற பாரிஸ் வண்ணக் கடைக்காரரின் உருவப்படத்தில், கிழவருக்குப் பின்னால் சுவரை நிறைத்திருப்பவற்றிலும் குனிசாதாவின் நடிகர்கள் உண்டு.

நடுவில் ஒரு தடை வந்தது. 1842இல் தென்போ சீர்திருத்தம் என்ற பெயரில் அரசு ஆடம்பரத்தின்மேல் பாய்ந்தது. நாடகக் கொட்டகைகளை நகர மையத்திலிருந்து பெயர்த்து அசகுசா பக்கம் தள்ளினார்கள். ஏழாம் டான்ஜூரோ மேடையில் நிஜக் கவசம் அணிந்தது உள்ளிட்ட பகட்டுக் குற்றங்களுக்காக எடோவை விட்டே துரத்தப்பட்டார். நடிகர் படமும் கணிகையர் படமும் கூடாது என்று ஆணை. பதிப்பாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. நடிகர் பெயரை எடுத்துவிட்டு, அதே மூக்கையும் தாடையையும் புராண வீரனுக்கோ வரலாற்று மாவீரனுக்கோ பொருத்தினார்கள். தணிக்கை அதிகாரிக்கு அது பழைய வீரன், வாங்குகிறவனுக்கு அவன் நடிகன். ஷுன்ஷோ காலத்திலிருந்து மெருகேறிய முகச்சூத்திரம் இங்கே சோறு போட்டது. உச்சகட்டக் குறும்பு குனியோஷி என்ற ஓவியருடையது. 1840களின் கடைசியில், கிடங்குச் சுவரில் யாரோ ஆணியால் கீறிய கிறுக்கல் போல ஒரு படம் போட்டார். கோணல்மாணலான தலைகள், நடுவில் தலைத்துண்டு கட்டி ஆடும் ஒரு பூனை. நான் நடிகரை வரையவில்லையே, சுவரைத்தானே வரைந்தேன் என்ற பாவனை. தலைகள் ஒவ்வொன்றும் இன்னாரென்று எடோ கண்டுபிடித்துவிட்டது.

தடை தளர்ந்த பிறகு 1854இல் நடந்ததுதான் இந்தச் சந்தையின் உச்சம் என்று சொல்லலாம், சோகமான உச்சம். எட்டாம் டான்ஜூரோ அழகன், முந்தைய வருடம் வெட்டுக்காயத் தழும்புகள் கொண்ட யோசாபுரோ வேடத்தில் ஊரை மயக்கியவர். ஒசாகாவில் நாடகம் தொடங்கவிருந்த நேரத்தில் தற்கொலை செய்துகொண்டார்; காரணம் தெளிவாகவில்லை. சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வகை இரங்கல் படங்கள் வந்து குவிந்தன. இரங்கல் படத்துக்கு ஒரு முறை உண்டு: வெளிர்நீலச் சடங்கு உடை, கையில் ஜபமாலை, இறப்புத் தேதி, மறைவுக்குப் பின் சூட்டும் பௌத்தப் பெயர், விடைபெறும் கவிதை. அவசரத்தில் தணிக்கை முத்திரையே இல்லாமல் பல வெளிவந்தன. புத்தரின் மகாநிர்வாணக் காட்சியைப் போலவே டான்ஜூரோவைக் கிடத்தி, சீடர்கள் இருக்கவேண்டிய இடத்தில் எல்லா வயதுப் பெண்களும் அழுவதாக ஒரு வகை. பக்தியா கிண்டலா என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது; அழுதுகொண்டே வாங்கியிருப்பார்கள்.

ஒசாகாவை ஒரு பத்தியில் கடப்பது அநியாயம், ஆனாலும்: அங்கே அச்சுப் படம் என்றாலே ஏறக்குறைய நடிகர் படம்தான். ரசிகர் மன்றங்களின் உற்சாகமும் பணமும் அதில் கலந்திருந்தன. ஓவியர்களிலும் பலர் வேறு தொழில் பார்த்த ரசிகர்கள். ஹொக்குஷு வரைந்த மூன்றாம் நகமுரா உதாஎமொனைத் தேடிப் பாருங்கள். எடோ படங்களின் மினுக்கு இருக்காது, சுருக்கம் விழுந்த முகத்துக்கு ஒரு மரியாதை இருக்கும்.

புகைப்படம் வந்ததும் கதை முடிந்தது என்பார்கள், உடனே முடியவில்லை. தொயோஹாரா குனிச்சிகா (1835–1900) இறக்குமதிச் செயற்கைச் சிவப்பை அள்ளிக்கொட்டி, மூன்று தாள் அகலத்துக்கு ஒரே நடிகரைப் பரப்பினார். 1925 முதல் 1929 வரை நதோரி ஷுன்சென், பதிப்பாளர் வதனாபே ஷோசாபுரோவோடு சேர்ந்து 36 முகங்களை வெளியிட்டார். மென்மையானவை, எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே மென்மை. சுருயா கோகெய் 1978இலிருந்து 2000 வரை டோக்கியோ கபுகி-ஸாவில் நடந்த நாடகங்களுக்காக வரைந்து, செதுக்கி, அச்சடித்து எல்லாம் தானே செய்தார். அவர் முகங்களில் ஷராக்குவின் முரட்டுத்தனம் திரும்பி வருகிறது. சிரிப்பும் வரும், பயமும் வரும்.

இனி நீங்களே படம் பார்க்கும்போது: முதலில் உடையில் சின்னத்தைத் தேடுங்கள், அது வம்சத்தைச் சொல்லும். முகம் எத்தனையாவது தலைமுறை என்று சொல்லும். சிறிய வட்ட முத்திரை ஒன்று இருந்தால் பெரும்பாலும் அது 1790க்குப் பிறகு வந்த தணிக்கை அனுமதி. 1852க்குப் பிந்தைய படங்களில் ஆண்டை விலங்குக் குறியாலும் மாதத்தை எண்ணாலும் சொல்லும் முத்திரையும் இருக்கும். அதை வைத்து அந்த மாதம் எந்தக் கொட்டகையில் என்ன நாடகம் என்று பிடித்துவிடலாம். 1928இல் தொடங்கிய வசேதா பல்கலைக்கழக நாடக அருங்காட்சியகம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நடிகர் படங்களை இணையத்தில் போட்டிருக்கிறது. ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டாலும் பெயரை வெட்டி ஒட்டித் தேடலாம்.

வாங்கும் எண்ணம் இருந்தால், குனிச்சிகாவோ பிற்காலக் குனிசாதாவோ இன்றும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் அசலாகக் கிடைக்கும். மூன்று தாள் தொகுப்பில் ஒரு தாள் மட்டும் தனியாக விற்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆள் எங்கேயோ முறைத்துக்கொண்டிருப்பார், எதிரி பக்கத்துத் தாளில் இருப்பான். ஷராக்கு மலிவாக வந்தால் அது 20ஆம் நூற்றாண்டில் புதுக்கட்டை வெட்டி அச்சடித்த மறுபதிப்பு. அதையும் கையால்தான் அடிக்கிறார்கள், பின்னணிக் காக்காப்பொன் மினுக்கம் திரையில் தெரியாதது அதில் தெரியும், எனவே மறுபதிப்பு என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம்.